‘ஹை-ரெஸ்’ பாட்டுக்குச் சந்தா கட்டுமுன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் கடைவரிசையில் இப்போது விற்கும் ஹெட்போன், புளூடூத் ஸ்பீக்கர் பெட்டிகளில் பல, ‘ஹை-ரெஸ்’ என்ற பொன்னிற முத்திரையோடு வருகின்றன. இசைச் செயலிகளும் ‘லாஸ்லெஸ்’, ‘ஹை-ரெஸ் லாஸ்லெஸ்’ என்று கூவி அழைக்கின்றன. தோட்டத்திலும் பட்டணத்திலும் நல்ல பாட்டுக் கேட்க ஆசைப்படும் நம்மவர்கள் மாதச் சந்தாவையும் கட்டி, முத்திரை போட்ட பெட்டியையும் வாங்கி, கடைசியில் பழைய எம்பி3 தரத்திலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சர்வரிலிருந்து காதுக்கு வரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் தரம் கழிந்துவிடுகிறது. அது எந்த இடம் என்று விற்பவரும் சொல்வதில்லை, விளம்பரமும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்து முழுவதையும் வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் எண்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிடி தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்: ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து (இதுதான் சாம்பிள் ரேட்), ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகக் குறிப்பது. விநாடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3, ஏஏசி, ஓக் வோர்பிஸ் போன்ற முறைகள், காது கவனிக்காது என்று கணித்த பகுதிகளை வெட்டி எறிந்து அதை 320, 256, 128 கிலோபிட் என்று சுருக்குகின்றன. எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. ஃபிளாக், ஆப்பிளின் ஏலாக் ஆகிய இரண்டும் எதையும் எறிவதில்லை. சிடியின் அளவைப் பாதி, முக்கால் என்று மடித்து அனுப்பி, ஒலிக்கும்போது கடைசி பிட் வரை அப்படியே விரித்துத் தருகின்றன. இதற்குப் பெயர்தான் லாஸ்லெஸ். சிடி தரத்துக்கும் மேலே, 24 பிட்டில் 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் வரை போவதை ஹை-ரெஸ் என்கிறார்கள். ஜப்பான் ஒலிச் சங்கம் வழங்கும் அந்தப் பொன்னிற முத்திரைக்குச் சாதனம் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு வரை ஒலிக்க வேண்டும், டிஜிட்டல் பகுதி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டைக் கையாள வேண்டும். மனிதக் காது கேட்பதோ 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு வரை. வயது ஏற ஏற அதுவும் இறங்கும்.

எந்தச் சேவை என்ன தருகிறது? ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் கூடுதல் கட்டணமில்லாமல் லாஸ்லெஸ் தருகிறது, 24 பிட் 192 வரை. டைடல் 2024 ஜூலையில் எம்க்யூஏ என்ற சர்ச்சைக்குரிய முறையைக் கைவிட்டு, முழுக்க ஃபிளாக்குக்கு மாறியது. அதுவும் 24 பிட் 192 வரை போகும். ஸ்பாட்டிஃபை பல ஆண்டுகள் பேசிவிட்டு, 2025 செப்டம்பரில் 24 பிட் 44.1 அளவில் நாடு நாடாகத் திறக்கத் தொடங்கியது. உங்கள் கணக்கில் அது வந்துவிட்டதா என்பதைச் செயலியின் ஒலித்தரப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். நம்மவர்கள் அதிகம் கேட்கும் யூடியூப் மியூசிக்கில் உச்சமே 256 கிலோபிட்தான், லாஸ்லெஸ் கிடையாது. யூடியூபில் ஒரு காணொளியின் தலைப்பில் ‘24 பிட் ஹை-ரெஸ்’ என்று எழுதியிருந்தால், அந்தத் தலைப்புக்கும் வரும் ஒலிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஏற்றியவர் எதை ஏற்றினாலும் யூடியூப் சுருக்கித்தான் அனுப்பும்.

சிடி தரத்துக்கு மேலே போனால் காதுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிராட் மேயரும் டேவிட் மோரனும் உயர்தர ஒலியை அப்படியே ஒருமுறையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் ஒலிக்கவிட்டு, எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வில் 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது பாதிக்குப் பாதி. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் கிடைக்கும். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016இல் 18 ஆய்வுகளின் 12,500க்கும் மேற்பட்ட சோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார். சரியான விடை 52.3 விழுக்காடு. வேறுபாடு இருக்கிறது, மிக மிகச் சிறியது. எதைக் கேட்க வேண்டும் என்று பயிற்சி பெற்றவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது.

ஆகவே என் கருத்து இது: 128 கிலோபிட்டிலிருந்து சிடி தர லாஸ்லெஸுக்கு வருவது பெரிய ஏற்றம், அதற்குச் செலவு செய்யுங்கள். அங்கிருந்து 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறுவதற்கென்று ஒரு வெள்ளி கூடச் செலவழிக்க வேண்டாம்.

முதல் ஏற்றம் எங்கே கேட்கும் என்றால், தவிலிலும் ஜால்ராவிலும் கேட்கும். வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் அந்த நொடி கத்தி போலக் கூர்மையானது. குறைந்த கிலோபிட் எம்பி3 அந்தக் கூர்மையைத் தாங்காமல், அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே ‘ஷ்’ என்று ஒரு பூச்சைப் பூசிவிடும். ஜால்ராவின் நீண்ட இழைவு தண்ணீரில் அலம்புவது போலக் கலங்கும். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து துரித காலத்தில் போகும் ஒரு மல்லாரியை 128இலும் லாஸ்லெஸிலும் மாற்றி மாற்றிக் கேட்டால், பயிற்சியில்லாத காதுக்கும் இது பிடிபடும். மெல்லிய குரலும் ஒரு வீணையும் மட்டும் இருக்கும் பாட்டில் இதைத் தேடினால் ஏமாற்றம்தான்.

தரம் கழியும் முதல் இடம் புளூடூத். எஸ்பிசி என்ற அடிப்படை முறை 328 கிலோபிட்டை ஒட்டித்தான் போகும். ஐபோன் புளூடூத்தில் அனுப்புவது ஏஏசி, ஏறத்தாழ 256. சோனியின் எல்டாக் 990, 660, 330 என்று மூன்று படிகளில் வேலை செய்கிறது. சிக்னல் தடுமாறினால் தானாகவே 330க்கு இறங்கிவிடும், உங்களிடம் சொல்லாது. எல்லாமே சுருக்கி எறியும் முறைகள்தான். ‘ஹை-ரெஸ் ஆடியோ வயர்லெஸ்’ முத்திரை போட்ட பெட்டிக்கும் இது பொருந்தும். ஆப்டிஎக்ஸ் லாஸ்லெஸ் என்று ஒன்று உண்டு. அதற்குக் கைப்பேசி, ஹெட்போன் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும், அப்படிப் பொருந்தும் ஜோடி குறைவு. வாளி ஓட்டையாக இருக்கையில் எத்தனை மரம் சீவி என்ன பயன்? நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் புளூடூத்தில் கேளுங்கள், தவறில்லை. ஆனால் அதற்காக ஹை-ரெஸ்ஸில் டேட்டாவைக் கரைக்காதீர்கள். செயலியில் 256 அல்லது 320ஐ வைத்தாலே போதும்.

எனவே வயர். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் காதுத் துளை இல்லை. டைப்-சி துளையில் செருகும் ‘டாங்கிள்’ ஒன்று வேண்டும். நகத்தளவு டாக் சிப், அதாவது எண்ணை ஒலியாக மாற்றும் சிப், அதற்குள் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் விற்கும் மிக மலிவான டைப்-சி அடாப்டர்கள் சிலவற்றில் சிப்பே இல்லை, வெறும் கம்பிதான். கைப்பேசி தானே ஒலியை மாற்றித் தரும் சில பழைய மாடல்களில் மட்டும் அவை வேலை செய்யும். மற்றவற்றில் மௌனம், அல்லது ‘சாதனம் பொருந்தவில்லை’ என்ற செய்தி. பெட்டியில் ‘டாக்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, 24 பிட் 96 அல்லது அதற்கு மேல் என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். நூறு ரிங்கிட்டுக்குள் நல்லதே கிடைக்கிறது. ஆப்பிளின் சிறிய டைப்-சி அடாப்டர் 24 பிட் 48 வரை போகும். டைப்-சி துளையுள்ள ஐபோனிலும் கணினியிலும் அது அருமையாக ஒலிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் மட்டும் சத்தம் மிகவும் தாழ்ந்துபோகும். அதைப் பழுது என்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம், இரண்டும் பொருந்தாததால் வருவது அது.

ஓப்போ, விவோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. டாங்கிளைச் செருகியும் ஒன்றும் நடக்கவில்லையென்றால், அமைப்புகளில் ‘ஓடிஜி இணைப்பு’ என்பதை முடுக்க வேண்டும். சில மாடல்களில் பத்து நிமிடம் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே அணைந்துவிடும். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி செருகினால் டாங்கிள் செத்துவிட்டது போலத் தோன்றும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஐபோனில் லாஸ்லெஸ் தானாக வராது. அமைப்புகளுக்குள் போய், செயலிகள் பகுதியில் மியூசிக்கைத் திறந்து, ஆடியோ குவாலிட்டியில் லாஸ்லெஸை முடுக்க வேண்டும். அங்கே மொபைல் டேட்டா, வைஃபை, டவுன்லோடு மூன்றுக்கும் தனித்தனியாகத் தரம் வைக்கலாம். இதற்கு முன் டவுன்லோடு செய்த பாடல்கள் பழைய தரத்திலேயே கிடக்கும். அவற்றை அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும். பாட்டு ஓடும்போது திரையில் தெரியும் ‘லாஸ்லெஸ்’ என்ற சொல்லைத் தொட்டால், எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று காட்டும். டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி முறையை முடுக்கியிருந்தால் அட்மாஸ் பதிப்பு இருக்கும் பாடல்களுக்கு அதுதான் ஒலிக்கும், நீங்கள் கேட்க நினைத்த ஸ்டீரியோ பதிப்பு அல்ல. இதே பெயரில் சாம்சங் கைப்பேசியின் ஒலி அமைப்பிலும் ஒரு பொத்தான் உண்டு. ஈக்வலைசரோடு சேர்த்து அதையும் அணையுங்கள்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு சிக்கல். பல கைப்பேசிகள் எந்தப் பாட்டு வந்தாலும் அதை 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றிய பிறகே டாக்குக்கு அனுப்புகின்றன. சாம்பிள் ரேட்டைக் காட்டும் திரையோ நிறம் மாறும் விளக்கோ உள்ள டாக்காக இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 44.1 பாட்டுக்கும் 192 பாட்டுக்கும் அது ஒரே எண்ணைக் காட்டினால் வழியில் மாற்றம் நடக்கிறது. 44.1ஐ 48 ஆக்குவதால் காதுக்குப் பெரிய இழப்பில்லை. ஆனால் 192ஐ இறக்கி 48ஆகக் கேட்பவர், நான்கு மடங்கு டேட்டாவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார். கைப்பேசியின் ஒலிக்கலவையைத் தாண்டி நேரே டாக்குக்கு அனுப்பும் செயலிகள் உண்டு. விண்டோஸ் கணினியில் டைடலை ‘எக்ஸ்க்ளூசிவ் மோட்’இல் வைத்தால் அதே வேலை நடக்கும்.

டேட்டா கணக்கு நம் ஊருக்கு முக்கியம். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஆப்பிள் சொல்லும் அளவு: 256 கிலோபிட்டில் 6 மெகாபைட், 24 பிட் 48இல் 36, 24 பிட் 192இல் 145. ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினால் முறையே 120 மெகாபைட், 720 மெகாபைட், 2.9 ஜிகாபைட். நம் பாடல்களோ ஐந்து நிமிடம் ஓடுபவை. நூறு பாடல்களை 24 பிட் 48இல் இறக்கினால் 6 ஜிகாபைட், 192இல் 24 ஜிகாபைட். கைப்பேசியில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வேகத்தில் 192 பாட்டுக்கு விநாடிக்கு ஆறரை மெகாபிட் தடையில்லாமல் வர வேண்டும். வேகம் 3 மெகாபிட், 6 மெகாபிட் என்று கட்டிவைக்கப்பட்ட ‘வரம்பற்ற’ திட்டங்களில் இது நடக்காது. சிடி தரத்துக்கு ஒன்றரை மெகாபிட்டே போதும். பட்டணத்தில் ஃபைபர் இருக்கிற வீட்டில் இதெல்லாம் கவலையில்லை. தோட்டத்துக்குள் ஃபைபர் இழுக்காத இடங்களில் 4ஜி ரூட்டர்தான் கதி. அங்கே இரவு எட்டிலிருந்து பத்து வரை எல்லாரும் ஒரே கோபுரத்தில் தொங்குவதால் பாட்டு நின்று நின்று வரும். சராசரி வேகம் போதுமானதாக இருந்தும் பாட்டு நிற்கிறதென்றால், நடுவில் சில விநாடிகள் அடியோடு வறண்டுபோகிறது என்று பொருள். ரூட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிக்காமல், கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த சன்னலில் உயரமாக வையுங்கள். வீட்டைச் சுற்றிச் செம்பனை நெருங்கி நின்றால் வெளி ஆண்டெனா பொருத்தும் ரூட்டரே வழி. இல்லையென்றால் விடியற்காலையில் டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு மாலையில் கேளுங்கள். இறக்கி வைத்த ஃபிளாக்கும் இணையத்தில் ஓடிவரும் ஃபிளாக்கும் ஒலியில் ஒன்றே.

பழைய ஹைஃபை செட் இன்னும் பல வீடுகளில் துணி மூடிக் கிடக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புளூடூத் பெட்டி வாங்குவது வீண். டாங்கிளிலிருந்து 3.5 மில்லிமீட்டர் பிளக்கை ஒரு முனையிலும், சிவப்பு வெள்ளை பிளக்கை மறுமுனையிலும் கொண்ட வயர் ஒன்று போதும். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் ஏயூஎக்ஸ், சிடி, டேப் இன் என்று எழுதிய எந்தத் துளையிலும் செருகலாம். ‘ஃபோனோ’வில் மட்டும் செருகக் கூடாது. அது இசைத்தட்டு ஊசியின் நுண்ணிய மின்னலையைப் பெரிதாக்கவும், தாழ்ந்த ஸ்வரங்களைத் தூக்கிக் கொடுக்கவும் அமைந்தது. அதில் டாங்கிளைச் செருகினால் காது கிழியும் இரைச்சல்தான் வரும். கைப்பேசியின் சத்தத்தை உச்சத்துக்கு அருகில் வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபையரின் குமிழில் செய்யுங்கள்.

ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம் ஈரக்காற்றில் நுரை வளையம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரும். வளையத்தை மட்டும் மாற்றலாம், பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. துணி, ரப்பர் வளையங்கள் நீடிக்கும். குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் உள்ளே கறை. மின்சாரத்தை அணைத்துவிட்டு, காண்டாக்ட் கிளீனரை அடித்து இருபது முறை இப்படியும் அப்படியும் திருப்பினால் தெளிந்துவிடும். பாட்டில் குரல் நடுவில் நிற்காமல், அடித்தொனியும் காணாமல் போயிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு வயரிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுங்கள். பெரிய கூம்பு வெளியே தள்ள வேண்டும். உள்ளே போனால் மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள். மடிக்கணினியைச் சார்ஜரோடு இணைத்ததும் ‘ம்ம்’ என்ற உறுமல் வந்தால், சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த் வழியாக வரும் சுற்று அது. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டி அதைத் தீர்க்கும் பழக்கம் உயிருக்கு ஆபத்து, யாரும் செய்ய வேண்டாம். இடிமழை நெருங்குமுன்பே ஆம்ப்ளிஃபையர், ரூட்டர் பிளக்கோடு ஆண்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஸ்பீக்கர் இரண்டும் நீங்கள் உட்காரும் இடமும் சமமுக்கோணமாக இருக்கட்டும், இரண்டு மீட்டர் போதும். உச்ச ஒலி தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் காதுக்கு நேராக, பெட்டி சுவரிலிருந்து ஓரடி ஒன்றரையடி தள்ளி. சிமெண்டுத் தரையில் ஒரு பாயோ கம்பளமோ விரித்தால் கிடைக்கும் மாற்றம், 96க்கும் 192க்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பல மடங்கு பெரியது. 16 பிட்டே, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி தருகிறது. காற்றாடி ஓடும் அறையில், தகரக் கூரையில் மழை கொட்டும் ஊரில், அதற்கும் கீழே உள்ள மௌனத்தைக் கேட்க யாராலும் முடியாது. 24 பிட் ஒலிப்பதிவுக்கூடத்தில் தேவை, நம் வரவேற்பறையில் தேவையில்லை.

தரம் உயர்ந்த பாட்டைக் கோயில் திருவிழாவிலும் மண்டபத்திலும் போடும்போது நடக்கும் ஒரு விபரீதத்தையும் எழுத வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டு ‘பாட்டு சரியில்லை’ என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். இசையெல்லாம் வரும், பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து எதிரொலியாக வரும். காரணம் இதுதான்: கைப்பேசியின் ஸ்டீரியோ பிளக்கை, மிக்சரில் மைக்குக்கும் லைனுக்கும் உரிய பேலன்ஸ்டு மோனோ துளையில் நேராகச் செருகியிருக்கிறார்கள். அந்தத் துளை, பிளக்கின் நுனியில் வரும் இடது ஒலியிலிருந்து வளையத்தில் வரும் வலது ஒலியைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். குரலை இரண்டு பக்கமும் சமமாக வைத்துத்தான் பதிவு செய்கிறார்கள். கழித்தால் குரல் போய்விடும், இரண்டு பக்கமும் வேறுபடும் வயலினும் எதிரொலியும் நிற்கும். கைப்பேசியில் ‘மோனோ ஆடியோ’வை முடுக்கிச் சரிசெய்யப் பார்த்தால், இரண்டு பக்கமும் முற்றிலும் ஒன்றாகி, கழித்ததும் ஒன்றுமே மிஞ்சாது. ஒரு ஸ்டீரியோ பிளக் இரண்டு மோனோ பிளக்காகப் பிரியும் வயரை வாங்கி, மிக்சரின் இரண்டு சேனல்களில் செருகுவதே சரி. ஒரே சேனல்தான் இருக்கிறதென்றால், இடது வலது இரண்டிலும் தனித்தனியே ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, அதன் பிறகே இரண்டையும் ஒன்றாக இணைத்து மோனோ பிளக்கில் கொடுக்க வேண்டும். ரெசிஸ்டர் இல்லாமல் முறுக்கிக் கட்டினால் கைப்பேசியின் இரண்டு வெளியீடுகளும் ஒன்றோடொன்று மோதும்.

இதையெல்லாம் செய்து முடித்தவர்கள்கூட மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: மூலப் பிரதி. 1950களின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் 78 சுழற்சித் தட்டுகளாக வந்தவை. படச்சுருளின் ஓரத்தில் ஒளிவழி பதித்த ஒலியோ 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே தேய்ந்துவிடும். அவற்றுக்கு 192 கிலோஹெர்ட்ஸ் எதைக் காப்பாற்றப் போகிறது? அதனால் அவற்றைக் கேவலமாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். நல்ல தட்டிலிருந்து பொறுமையாக எடுத்த ஒரு மோனோ பாட்டு, சிடி தரத்திலேயே குரலை நம் முன்னால் நிறுத்தும். அதைக் கெடுப்பது இரைச்சல் நீக்கம். ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தை அளவுக்கு மீறித் துடைத்தால், குரலின் மூச்சும் வீணை மீட்டலின் வாலும் சேர்ந்து துடைபடுகின்றன. பிறகு மோனோவை இழுத்துப் போலி ஸ்டீரியோ ஆக்குவது. பிறகு சத்தத்தை உச்சவரம்பு வரை ஏற்றி, தவிலின் அடியும் தம்புராவின் இழையும் ஒரே உயரத்தில் நிற்கும்படி தட்டையாக்குவது. இத்தனையும் செய்துவிட்டு 24 பிட் கோப்பில் அடைத்தால் முத்திரை மட்டும் பளபளக்கும்.

ஒரே பாட்டு ஒரே சேவையில் மூன்று நான்கு இடங்களில் இருக்கும்: படத்தின் மூல ஆல்பம், ‘ஹிட்ஸ்’ தொகுப்பு, ‘ரீமாஸ்டர்’ பதிப்பு. சத்தச் சமன்பாட்டை, ஆப்பிளில் அதன் பெயர் சவுண்ட் செக், முடுக்கிவிட்டு ஒவ்வொன்றையும் கேளுங்கள். சமன் செய்யாவிட்டால் சத்தம் கூடியதே நல்லதாகத் தோன்றும், அரை டெசிபல் போதும் காதை ஏமாற்ற. விலைக்கு வாங்கிய ஃபிளாக் கோப்பாக இருந்தால் ‘ஸ்பெக்’ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். படம் 22 கிலோஹெர்ட்ஸ் வரை நிறைந்திருந்தால் சிடி மூலமாக இருக்கலாம். 16இல் சுவர் எழுப்பியது போல வெட்டுப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 128 கிலோபிட் எம்பி3யிலிருந்து வந்தது, மேலே 24 பிட் என்று எழுதியிருந்தாலும் சரி.

இசை நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியது கிலோஹெர்ட்ஸ் அல்ல. ஒவ்வொரு பழைய ஆல்பத்துக்கும், எதிலிருந்து எடுத்தது, மூல நாடாவா, எல்பியா, கேசட்டா, எந்த ஆண்டு மாற்றினார்கள், இரைச்சல் நீக்கம் செய்தார்களா என்ற மூன்று விவரங்களை அச்சிட வேண்டும். சந்தா கட்டுகிறவர்கள் செயலியின் கருத்துப் பகுதியில் இதைத் தமிழிலேயே எழுதலாம். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்திலும், ஹை-ரெஸ் பெட்டிகளைப் பற்றி எழுதும் போதெல்லாம் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் நாட்டிலேயே வெளிவந்த தமிழ்ப் பாடல்களுக்கு இது இன்னும் அவசரம். அவற்றில் பல எந்தச் சேவையிலும் இல்லை, வீடுகளில் எல்பியாகவும் கேசட்டாகவும் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. மாற்றுவதானால் ஒரே முறை, 24 பிட் 96இல் மாற்றுங்கள். இங்கே 24 பிட்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது: உச்சத்தை மைனஸ் 6 டெசிபலில் நிறுத்திப் பாதுகாப்பாகப் பதியலாம். கேசட் பிளேயரில் தலைப்பகுதியின் ஓரத்தில் உள்ள சிறு திருகை, இரண்டு பக்கத்தையும் மோனோவாகக் கலந்து கேட்டபடி மெல்லத் திருப்புங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மிகத் தெளிவாகும் இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும். சேமிக்கும் பிரதியில் இரைச்சல் நீக்கம் வேண்டாம். அதை நகலில் செய்து பாருங்கள்.

புதிதாகப் பாட்டு வெளியிடும் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பாடிய குரலை வாட்ஸ்அப்பில் ஆடியோவாகவோ குரல் செய்தியாகவோ ஸ்டூடியோவுக்கு அனுப்பாதீர்கள், அது சுருங்கிப் போய்ச் சேர வாய்ப்புண்டு. ஆவணமாக இணைத்தால் கோப்பு மாறாது. விநியோகிப்பவருக்கு எம்பி3 கொடுத்தால் உலகத்தின் எந்த லாஸ்லெஸ் சேவையிலும் உங்கள் பாட்டு எம்பி3யாகவே ஒலிக்கும். பதிவு செய்த அதே சாம்பிள் ரேட்டில் 24 பிட் வேவ் கோப்பைக் கொடுங்கள், 48இல் பதிந்ததை 96 என்று ஊதிப் பெருக்க வேண்டாம். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் விடுங்கள், சேவைகள் அதைச் சுருக்கும்போது உடையாமல் இருக்கும். சத்தச் சமன்பாடு முடுக்கியிருந்தால் சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தே ஒலிக்கவிடுகின்றன. நசுக்கி ஏற்றிய பாட்டு அங்கே மற்றவற்றைவிடச் சத்தமாக ஒலிக்கப் போவதில்லை, உயிரற்றுத்தான் ஒலிக்கும்.

இப்படிக்கு,
ஒலி ஆர்வலர்,
சுங்கை சிப்புட், பேராக்.